கருவிழி

இன்று படகு கிடையாது என்று
கரும்பலகையில் எழுதியிருந்தது.
மூடுபனி.
துறைமுகச் சுவர் முடியும் இடத்தில்
ஸ்காட்லாந்து முடிந்துபோயிருந்தது.
தீவு அங்கேதான் இருக்கிறது என்பதற்கு
காற்று மட்டுமே சாட்சி:
மீன் கவிச்சியும் அமோனியாவும் கலந்து
எண்பதாயிரம் பறவைகளின் எச்ச வாடை.

பார்வையாளர் மையத்தில் பாதிக் கட்டணம்.
"உள்ளே நாற்றம் வராது, அதுக்குத்தான் காசு"
என்றான் சில்லறை எண்ணிய பையன்.

ஒரு பெரிய திரை. ஒரு கைப்பிடி.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால்
பனிக்கு அந்தப் பக்கம், மூன்று மைல் தள்ளி,
பாறை உச்சியில் ஒரு கேமரா
கழுத்தைத் திருப்புகிறது.

எனக்கு முன்னால் ஐஸ்கிரீமோடு ஒரு சிறுமி.
அவளுக்கு முன்னால்
மழைக்கோட்டைக் கழற்றாத ஒரு பெண்மணி.
தன் முறை முடிந்ததும் அவர்
மறுபடி வரிசையின் கடைசியில் வந்து நின்றார்,
ரேஷன் கடையில்
இரண்டாவது கார்டு வைத்திருப்பவர் போல,
யார் முகத்தையும் பார்க்காமல்.

பெயர் எல்ஸ்பெத் மோவட்.
நண்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை.
தூங்க வேண்டிய நேரத்தில் இங்கே.
"பழைய டிக்கெட் எல்லாம் பையில் கிடக்கிறது" என்றார்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு எண்.

"காய்ச்சல் வந்த கோடையில்
எங்கள் மணலில் கால்வைக்க இடமில்லை.
வெள்ளை உடுப்பு, இரட்டைக் கையுறை.
இருநூற்றுப் பதினொன்று வரைக்கும்
பையில் போட்டுக் கட்டினேன்.
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
கட்டுவதை விடவில்லை.
இப்போது பிழைத்ததை எண்ணுகிறேன்.
யாரும் கேட்கவில்லை. சும்மாதான்."

எதை வைத்துத் தெரியும் என்றேன்.
"கண்."

கானெட் பறவைக்கு நீலக் கண்.
வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்டு
கலக்குவதற்கு முன்னால் இருக்குமே,
அந்த வெளுப்பு.
நோய் கண்டு பிழைத்தவற்றுக்கு
அது திரும்பி வரவில்லை.
கண் முழுக்கக் கறுப்பு.

என் மொழியில்
விழி என்றால் கருவிழி.
நல்ல கண்ணுக்கே அதுதான் பெயர்.
இங்கே அது தழும்பு.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று
வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில்
என் முறை வந்துவிட்டது.

முதலில் வெறும் வானம்.
பிறகு பாறை, பாறையின் மேல் பாறை,
பிறகு அது பாறையல்ல, முதுகுகள்.
கடற்பாசிக் கூடு; அதில்
அறுந்த வலையின் பச்சை நைலான்;
ஒரு கூட்டில் யாருடைய குழந்தையோ தொலைத்த
இடதுகால் செருப்பு.
முட்டையின் மேல்
இரண்டு பாதங்களையும் விரித்து வைத்து
அதட்டுவதுபோல் அடைகாக்கிறது ஒன்று.
அதன் துணை வந்து இறங்குகிறது,
இறங்குவதா அது,
மாடியிலிருந்து மூட்டை விழுவது.
பக்கத்து வீட்டோடு ஒரு சண்டை.
பிறகு அலகோடு அலகு,
கத்தி தீட்டுகிறவன் கை வேகத்தில்.

"நிறுத்துங்கள்" என்றார் பின்னாலிருந்து.
"கொஞ்சம் கீழே. இன்னும் கிட்டே."

திரை நிறைய இரண்டு தலைகள்.
ஒன்றின் கண் நீலம்.
மற்றதன் கண்ணில்
கேமராவின் கண்ணாடி குட்டியாகத் தெரிந்தது.

ஐஸ்கிரீம் முழங்கைக்கு வழிய, சிறுமி கேட்டாள்:
"தன் கண்ணு மாறிப்போச்சுன்னு
அதுக்குத் தெரியுமா?"

எல்ஸ்பெத் டிக்கெட்டைத் திருப்பிப்
பென்சிலால் பதினெட்டு என்று எழுதினார்.
எழுதி முடித்துவிட்டுத்தான் சொன்னார்:
"அதுக்குத் தெரியாது.
கூட இருக்கிறதுக்குத் தெரியும்.
தெரிஞ்சும் வந்திருக்கு."

மணி அடித்தது.
கேமரா தானாகப் பின்வாங்கி
மொத்தத் தீவையும் ஒரே வெள்ளையாக்கியது.

வெளியேறும் வழி
பரிசுப் பொருள் கடைக்குள்ளாகத்தான்.
கூடை நிறையப் பஞ்சுக் கானெட்டுகள்,
ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை.
எல்லாவற்றுக்கும் கண்ணாகத் தைத்திருந்தது
சட்டைக்குத் தைக்கும் அதே கறுப்புப் பொத்தான்.
தையல்காரருக்குத் தெரிந்திருக்காது.

சிறுமி கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.
பிசுபிசுத்த விரலால் தொட்டுத் தொட்டு
எண்ண ஆரம்பித்தாள்,
பத்தொன்பதிலிருந்து.